நடுத்தாள் இல்லாத வியாழக்கிழமை

1

திங்கட்கிழமை மருத்துவர் எனக்கு இரண்டு வார ஓய்வு எழுதிக் கொடுத்தார். நீல நிறத் தாள். மேலே ஆங்கிலத்தில் என் பெயர், ஓர் எழுத்து குறைவாக. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இன்னும் கொடுக்கவில்லை.

ஓய்வு எடுக்கப் பயப்படும் மனிதனை ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். போன ஆண்டு இதே மாதம் இதே மருத்துவர் மூன்று மாதம் எழுதிக் கொடுத்தார். சிங்கப்பூரில் நான் கழித்த பதினாறு ஆண்டுகளில் மிக நல்ல மூன்று மாதங்கள் அவைதான். அந்த மூன்று மாதத்துக்குள் நாகப்பட்டினத்தில் என் அண்ணன் இறந்துபோனார். இறந்த அன்றே தந்தி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்பது வாரம் கழித்து.

செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழக்கம். சொல்லிவிட்டேன். இனி விவரம்.

2

நான் இங்குள்ள தமிழ் நாளிதழ் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பவன். எனக்கு எதிரே காதர் உட்கார்ந்து மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். நான் அச்சு நகலில் கண்ணை வைத்துத் திருத்துவேன். அவரும் நாகப்பட்டினம்தான். பதினாறு ஆண்டுகளாக அவர் வாய், என் கண். மரண அறிவிப்புகளும் எங்கள் மேசைக்குத்தான் வரும். பெயர், வயது, விட்டுச்சென்றவர்கள் வரிசை. இதில் பிழை வந்தால் மறுநாள் வீட்டார் அலுவலகத்துக்கே வந்துவிடுவார்கள் என்பதால் இரண்டு முறை பார்ப்போம்.

போன செப்டம்பரில் ஒரு நாள் மேசையிலேயே சாய்ந்துவிட்டேன். அரசு மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்தார்கள். இதயம் களைத்திருக்கிறது என்றார் மருத்துவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் மகன் அருள், என் மனைவி மரகதத்துக்குத் தமிழில் சொன்னான்.

"அம்மா, அப்பாவுக்கு த்ரீ மன்த்ஸ் ரெஸ்ட். டென்ஷன் கூடாது. ஷாக் ஆகிற மாதிரி எந்த நியூஸும் சொல்லக் கூடாதாம்."

"நியூஸ் கூடாதா?" என்றாள் மரகதம். "இவரு வயித்துப்பாடே அதுதானேடா."

நான் கட்டிலில் படுத்தபடி சிரித்தேன். அந்த ஒரு வரியை வைத்து அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

ஓய்வு எடுப்பதற்கும் பழகவேண்டும். எங்கள் வீடு சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் பக்கம் போகும் சந்தில், ஒரு கடையின் மாடி. முதல் வாரம் ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வரிசைக் கடைப் பலகைகளில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அரிசிக் கடையில் ஒன்று, தையல் கடையில் இரண்டு. இரண்டாம் வாரம் ஒரு காலையில் அதே பலகைகளைப் பார்த்தேன். பிழைகள் அங்கேயே இருந்தன, கண்ணை உறுத்தவில்லை. என் ஓய்வு உண்மையில் தொடங்கியது அன்றுதான்.

காலையில் ஃபேரர் பார்க் திடலுக்கு மெதுவாக நடப்பேன். சீனக் கிழவர்கள் இருவர் கூண்டுப் பறவைகளோடு வருவார்கள். கூண்டை மரத்தில் மாட்டிவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நானும் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரப் பழகினேன். பத்து மணிக்குப் பால் இல்லாமல், சர்க்கரை குறைத்த ஒரு கோப்பி ஓ. பகலில் தூக்கம். பதினாறு ஆண்டில் நான் பகலில் தூங்கியதில்லை. மாலையில் பையன்கள் பந்தாடுவார்கள். திடல் ஓரத்தில் தலையில் தட்டு சுமந்து வரும் கச்சாங் பூத்தே வியாபாரி, நம் தமிழர்தான், காகிதச் சுருளில் கடலை போட்டுத் தருவார்.

"என்ன சார், இன்னிக்கும் வேலைக்குப் போகலையா?"

"இப்படி உட்கார்றதுதான் வேலைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"நல்ல வேலை சார். ஆள் எடுத்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தால் காதர் அன்றைய பத்திரிகையோடு காத்திருப்பார். டீ குடித்துவிட்டு அலுவலக வம்பு சொல்லுவார். முதல் மாதம் ஊர்க்காரர்கள் ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள் என நினைத்து உள்ளூர நன்றி சொன்னேன்.

வேறு சிலவற்றையும் கவனித்தேன். அக்டோபரில் ஒரு புதன்கிழமை நண்பகல் திடலிலிருந்து திரும்பியபோது மரகதம் தலை முழுகி, ஈரக் கூந்தலோடு நின்றாள். செவ்வாயும் வெள்ளியும்தான் அவள் தலை முழுகுவது. கேட்டேன். "தலை பாரமா இருந்திச்சு" என்றாள். மறுநாள் காதர் கொண்டுவந்த பத்திரிகையில் நடுத்தாள் இல்லை. எட்டுப் பக்கத்தில் மூன்றிலிருந்து ஆறு வரை காணோம்.

"மெஷின்ல தாள் கிழிஞ்சு போச்சு அண்ணே. நூறு காப்பி இப்படித்தான் வெளிய போயிருச்சு" என்றார் காதர்.

அந்த ஆண்டு மரகதம் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் தீமிதிக்குப் போகவில்லை, முழங்கால் வலி. தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. "டாக்டர் எண்ணெய்ப் பண்டம் கூடாதுன்னாரு. உங்களை வச்சுக்கிட்டு நாங்க மட்டும் திங்கவா?" என்றாள். தெருவெல்லாம் வெடிச் சத்தம். நான் ஜன்னலில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். இவ்வளவு அமைதியான தீபாவளி எனக்கு வாய்த்ததில்லை என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு பண்டிகை இல்லை. இது தெரியாத தமிழன் கிடையாது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் ஓய்வு கெட்டுவிடும் என்று எனக்குள் யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.

4

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியலிங்கம், நாகப்பட்டினத் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் கப்பலேறிய அன்று பணியில் இருந்தவர் அவரே. என் டிரங்குப் பெட்டியை மற்றவர்கள் பெட்டியைப் போலவே திறக்கச் சொன்னார். அம்மா வைத்த ஊறுகாய் ஜாடி வரைக்கும் வெளியே எடுத்துப் பார்த்து, திருப்பி அடுக்கி, கயிறு கட்டி, "சரியா இருக்கு, போ" என்றார். அவருக்குத் தெரிந்த விடைகொடுத்தல் அதுதான். பொய் சொல்லத் தெரியாதவர் என்பது பெருமையாகச் சொல்கிற பேச்சு. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகள் லலிதாவுக்குத் திருமணம். கட்டாயம் வருவேன் என்று எழுதியிருந்தேன். எந்தக் கப்பல் என்றும் எழுதியிருந்தேன். அந்த மாதம் எங்கள் பிரிவில் தலைமை இடம் காலியானது. இரண்டு மாதம் நான் இல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும் என்று பயந்தேன். விடுப்புக் கிடைக்கவில்லை என்று அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விமானத் தபாலில் அனுப்பினால் பதில் எழுத அவருக்கு நேரம் இருக்கும். அதனால் கப்பல் தபாலில் போடச் சொல்லிக் காதரிடம் கொடுத்தேன். காதர் போட்டார்.

உண்மையில் நான் விடுப்புக் கேட்கவே இல்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும், படகில் போய்த்தான் ஆளை இறக்க வேண்டும். திருமணத்துக்கு இரண்டு நாள் முன் அண்ணன் படகில் போயிருக்கிறார். அந்தக் கப்பலில் நான் இல்லை. தபால் மூட்டையில் என் கடிதம் இருந்தது. அதன்பிறகு எட்டு ஆண்டு அவர் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே கடிதம்தான். "நலம். நலமறிய அவா."

5

ஓய்வு தொடங்கிய மூன்றாம் வாரம், இந்த நல்ல நேரத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது விடை உடனே கிடைத்தது. அண்ணனுக்கு எழுதுவது. வாரம் ஒன்றாக, அவசரமில்லாமல், ஒன்றையும் மறைக்காமல். ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன், அப்போதுதான் சொந்தமாக எழுதினேன்.

முதல் இரண்டு கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் மருத்துவமனை, திடல், கூண்டுப் பறவைகள் பற்றி எழுதியிருந்தேன். நேரம்தான் நிறைய இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். விடுப்பு விஷயத்துக்கு மூன்றாவது கடிதத்தில்தான் வந்தேன். அதை எழுதி முடித்தது ஈரக் கூந்தல் புதன்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து.

மூன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை ஏழு கடிதங்களை அருளிடம் கொடுத்தேன். அவன் மூன்று வயதில் இங்கே வந்தவன். ஆங்கிலப் பள்ளி, கடைசி ஆண்டு. பெரியப்பா அவனுக்கு ஒரு புகைப்படம், அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் கேட்பேன்.

"போட்டியாப்பா?"

"போஸ்ட் பண்ணிட்டேன்பா."

"பதில் ஒண்ணும் காணோமே."

"இந்தியாவுல போஸ்ட் ஆபீஸ் ஸ்ட்ரைக்காம். ஸ்கூல்ல சொன்னாங்க லா."

அப்படி ஒரு வேலைநிறுத்தச் செய்தி எங்கள் பத்திரிகையில் வரவில்லை. வந்திருந்தால் நான் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் நம்பினேன். அண்ணன் கோபத்தில் பதில் எழுதாமல் இருக்கிறார் என்று நினைப்பதைவிட அது எளிதாக இருந்தது.

6

டிசம்பர் நடுவில் வேலைக்குத் திரும்பினேன். ஒருவர் மாலை போட்டார், ஒருவர் காபி வாங்கி வந்தார். யாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. நோயிலிருந்து எழுந்தவனிடம் எல்லோரும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நண்பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. பழைய இதழ்களைத் தைத்து வைத்திருக்கும் கோப்பை எடுத்தேன். எனக்குச் சந்தேகம் ஒன்றுமில்லை. அந்த வியாழக்கிழமை நான்கு பக்கம் படிக்காமல் விட்டுப்போயிருந்தது. படிக்காத பக்கம் இருந்தால் எனக்குப் பொறுக்காது. அதற்காகத்தான்.

ஐந்தாம் பக்கம், கீழே வலது மூலை. கருப்புக் கட்டம். அண்ணன் பெயர். ஓய்வுபெற்ற சுங்க அலுவலர், வயது 58. விட்டுச்சென்றவர்கள் வரிசையில் மனைவி, மகள், மருமகன். நான்காவதாக, "ஆறாத் துயரில் வாடும் தம்பி, சிங்கப்பூர்" என்று என் பெயர். அந்த வியாழக்கிழமை மாலை ஆறாத் துயரில் வாடும் தம்பி திடலில் கடலை தின்றுகொண்டிருந்தான்.

கடைசி வரியில் விரலை வைத்தேன். "குடும்பத்தாரின் உடல்நிலை கருதி, துக்கம் விசாரிக்க நேரில் வருவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." வீட்டுக்கு ஒருவரும் வராததன் காரணம் அந்த வரியில் இருந்தது. ஒன்பது வாரமாக நான் அனுபவித்த அமைதியை இந்த மேசையில் உட்கார்ந்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

"காதர்" என்றேன்.

எழுந்து வந்தார். பக்கத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் டீ குடிக்கப் போறப்ப சொல்லணும்னு இருந்தேன் அண்ணே."

"ஒன்பது வாரம் என் வீட்டுலதானே டீ குடிச்சீங்க?"

"மரகதம் அண்ணி தந்தியைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டு நின்னாங்க. டாக்டர் அப்படிச் சொல்லியிருக்காரு. நான் என்ன செய்வேன்? ஊர்க்காரங்களுக்குச் சேதி போயிருச்சு. எல்லாரும் துக்கம் கேட்க வந்து நின்னா? அதுக்குத்தான் அந்த அறிவிப்பு."

"நடுத்தாளை உருவினது?"

"நான்தான். பஸ்ஸுல வர்றப்ப."

"மெஷின்ல கிழிஞ்சதுன்னீங்க."

"சொன்னேன்."

"பதினாறு வருஷமா நீங்க படிக்கிறதைக் கேட்டுத்தான் நான் திருத்துறேன், காதர். நீங்க சரியாப் படிக்கிறீங்களான்னு ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை."

அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. லலிதா கல்யாணத்துக்கு லீவு தரலைன்னு நீங்க எழுதின கடுதாசியைத் தபால்ல போட்டது யாரு? நான். நீங்க லீவே கேக்கலைன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் ஊருக்குப் போனப்ப உங்க அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சுச் சோறு போட்டாரு. 'அவனுக்கு நிஜமாவே லீவு தரலையாப்பா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். அவரு சோத்தைத் தின்னுக்கிட்டே ஆமான்னேன். அன்னிக்கு ஏன் பொய் சொன்னேன்னு நீங்க என்னைக் கேக்கலையே அண்ணே."

நான் கருப்புக் கட்டத்தில் வயது வரியைப் பார்த்தேன். வேறொன்று கேட்டேன்.

"வயசு யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"அண்ணிக்குத் தெரியலை. ஒரு குத்துமதிப்பாப் போட்டேன்."

அண்ணனுக்கு அறுபத்தொன்று. இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னை யாரும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து 58ஐ அடித்து, ஓரத்தில் 61 என்று எழுதினேன். அச்சாகிக் கோப்பில் தைத்த பக்கத்தில் கை வைப்பது எங்கள் தொழிலில் குற்றம். காதர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

7

வீட்டில் நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் மரகதத்துக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சிருச்சா?" என்றாள், நான் செருப்பைக் கழற்றும்போதே.

"எனக்குத் தலை முழுகக்கூட இடம் கொடுக்கலையே நீ."

"கொடுத்திருந்தா உங்களுக்கும் சேர்த்து நான் முழுக வேண்டியிருந்திருக்கும். டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னாரு. உங்க வீட்டுத் துக்கத்தைப் பதினாறு நாள் நான் ஒருத்தியாக் காத்தேன். நீங்க திடலுக்குப் போன பிறகுதான் அழுதேன். என்னையும் திட்டுங்க, பரவாயில்லை. உட்கார்ந்து திட்டுங்க, நிக்காதீங்க."

அவள் சொன்னதில் தவறு எதையும் இன்றுவரை என்னால் காட்ட முடியவில்லை. ஏமாற்றப்பட்டது மட்டும் அப்படியே இருக்கிறது. அன்பினால் செய்தது என்பதால் கோபத்தை வைக்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

அருள் உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். ஊர்க்காரர் யாரோ எனக்குக் கொண்டுவந்த டின்தான். உள்ளே ஏழு கடிதங்கள், தபால்தலை ஒட்டியபடி.

"போஸ்ட் பண்ணிட்டேன்னியே."

"அம்மாதான் வச்சிருக்கச் சொன்னாங்க. பெரியப்பாதான் இல்லையே, யாருக்குப் போஸ்ட் பண்றது? வேஸ்ட் லா." சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. "சாரிப்பா."

"பிரிச்சுப் படிச்சியா?"

"ஒண்ணு மட்டும் ட்ரை பண்ணேன். ஃபர்ஸ்ட் பேஜ் பாதிதான் போச்சு. ஸ்கூல்ல தமிழ் கிடையாது, உங்க ரைட்டிங் வேற எனக்குப் புரியலப்பா."

அவன் பிரித்தது மூன்றாவது கடிதம். உறையின் வாய் கிழியாமல், ஆவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தான். அவனுடைய அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. படித்திருந்தால் அவனை மன்னிப்பது எளிதாக இருந்திருக்கும். நான் எழுதியவற்றில் நல்லது என்று நான் நினைக்கும் ஏழு கடிதங்களை உலகத்தில் ஒருவரும் படிக்கவில்லை.

8

அதன்பிறகு ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே, என்னிடம் எதை மறைக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பத்திரிகையைக் கடையில் நானே காசு கொடுத்து வாங்குகிறேன். வாங்கியதும் பக்கங்களை எண்ணுகிறேன். மரகதம் எந்தக் கிழமை தலை முழுகுகிறாள் என்று பார்க்கிறேன். அது அவளுக்குத் தெரியும். காதர் இன்றும் எதிரே உட்கார்ந்து படிக்கிறார். அவர் படித்து முடித்ததும் மூலப்பிரதியை வாங்கி நான் ஒரு முறை பார்க்கிறேன். அவர் தானாகவே நீட்டிவிடுகிறார்.

இதை எழுதத் தொடங்கி நான்கு நாள் ஆகிறது. தொடங்கிய அன்று சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. போன வாரம் லலிதாவிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் அண்ணனுக்குத் தலைத்திவசம். "சித்தப்பா, உங்கள் ஆபீசில் லீவு தரவே மாட்டார்களாம், அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். பாவம், அவன் என்ன செய்வான் என்பார். இந்த முறையாவது கேட்டுப் பாருங்கள்."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. அண்ணன் என்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று எட்டு ஆண்டு நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பியிருக்கிறார். மகன், மனைவி, நண்பன் மூவரும் சேர்ந்து என்னை ஏமாற்றியது ஒன்பது வாரம்.

இன்று காலை நிர்வாகியின் அறைக்குப் போனேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக விடுப்புக் கேட்டேன். மருத்துவரின் நீலத் தாளை மேசையில் வைத்து, இரண்டு வாரம் போதாது, இரண்டு மாதம் வேண்டும் என்றேன்.

"ஊருக்கா?" என்றார்.

"ஆமாம்."

"போயிட்டு வாங்க. கையில இருக்கிறதைக் காதர்கிட்ட ஒப்படைச்சிடுங்க."

அவ்வளவுதான். தலைமை இடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளியே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே நான் இருந்தது நான்கு நிமிடம்.

ஏழு கடிதங்களும் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கின்றன. லலிதா வாங்கிப் படிக்கும் வார இதழுக்கு எழுதிய இந்தக் குறிப்பை யார் கையிலும் கொடுக்காமல் நானே கொண்டுபோய் விமானத் தபாலில் சேர்க்கிறேன். எனக்கு முன்னால் இது அச்சாகி ஊருக்குப் போய்விட வேண்டும். நாகப்பட்டினத்தில் இந்த இதழ் லலிதாவின் கைக்குப் போகும். நான்காம் பகுதியை அவள் படிக்கட்டும். கப்பல் வந்து நிற்கிற அன்று படகில் வருவதா வேண்டாமா என்று அதன்பிறகு அவள் முடிவு செய்யட்டும்.